மூன்றாவது நகல்

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரங்களில், கட்டிலுக்கு மேலே இருந்த திரையின் எண்களை அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. துடிப்பு எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்று நாங்கள்தான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. "திரை மூலையில கடிகாரம் இருக்கு பாரு. ஓடுதா?" என்று கேட்பாள். ஓடுகிறது என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ என்று என் மனைவி பயந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் அக்கா வருடக்கணக்காகச் சுமந்த ஒரு விஷயம் இருந்தது.

அவள் பார்த்த வேலை என்ன என்று எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் சரியாகத் தெரியாது. சித்தப்பா ஒருமுறை கேட்டபோது, "பூட்டு போடற வேலை சித்தப்பா" என்றாள். "அதுக்கு எதுக்கும்மா இத்தனை படிப்பு?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்றிலிருந்து சித்தியின் வீட்டில் அவள் பூட்டுக் கம்பெனியில் அதிகாரி. அவளும் திருத்தவில்லை. திருத்தினால் விளக்க வேண்டும்.

அவள் இருந்தது ஒரு மென்பொருள் நிறுவனத்தில். மேசைக் கணினிக்கு இல்லை, கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகளுக்கு அவர்கள் இயங்குதளம் எழுதினார்கள். லிஃப்டுக்குள், டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்துக்குள், ஆஸ்பத்திரித் திரைகளுக்குள் அது ஓடும். அதில் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி அக்காவின் பொறுப்பு. அந்தப் பகுதிக்குள் அவள் தலையசைக்காமல் ஒரு வரி நுழையாது.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். எனக்குப் புரியும்படி அவள் ஒருநாள் சொல்லித் தந்தாள்.

"உங்க ஆசிரியர் அறையில ஒரு கண்ணாடி அலமாரி. உள்ள கால அட்டவணை ஒட்டியிருக்கு. பாக்கறதுக்கு எத்தனை பேர் வேணும்னாலும் நிக்கலாம். மாத்தி எழுதணும்னா சாவி வேணும், சாவி ஒண்ணுதான். நீ வெளியில நின்னு பாக்கற, மூணாவது பீரியட் காலியா இருக்கு. சாவி எடுக்கப் போற. திரும்பி வர்றதுக்குள்ள வேற ஒருத்தர் அங்க பேரை எழுதிட்டுப் போயிட்டாரு. நீ என்ன பண்ணணும்?"

"மறுபடி பாக்கணும். காலியா இல்லன்னா திரும்பிப் போயிடணும்."

"போகும்போது?"

"போகும்போது என்ன?" என்றேன்.

"சாவிய மாட்டிட்டுப் போகணும்டா, வாத்தியாரே. பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்னா, மத்தவங்க எல்லாரும் ஆயுசு பூரா அலமாரி முன்னாடி நிப்பாங்க."

அவ்வளவுதான் அவள் வேலை என்றாள். கணினிக்குள் அந்த அலமாரி நினைவகத்தின் வரைபடம். எந்த இடம் எந்த வேலைக்கு என்று அதில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு இடம் போதாமல் போனால் வரைபடத்தைப் பார்த்து, சாவி எடுத்து, மறுபடி பார்த்து, எழுதி, சாவியைத் திருப்பி மாட்ட வேண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் பல நூறு தடவை இது நடக்கும்.

அவர்களுடைய இயங்குதளம் மூன்று வகை சிப்புகளில் ஓடியது. முதல் சிப்புக்காகச் சாவி எடுத்துத் திருப்பித் தரும் வரிகளை அக்கா எழுதினாள். இரண்டாவது சிப் வந்தபோது அதே வரிகளை நகலெடுத்து அந்தப் பிரிவில் ஒட்டினாள். மூன்றாவதற்கும் அப்படியே. மூன்றாவதாகச் சேர்ந்தது என்றாலும் அந்தச் சிப் பழைய காலத்துச் சரக்கு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்காக அங்கே மட்டும் சாவியைத் திருப்பித் தரும் வரி கடைசியில் இல்லாமல் நடுவில் வரும்படி மாற்றி வைத்தாள். பிறகு ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று அவசரத்தில் செய்ததுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒழுங்கு செய்ய யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. வருடங்கள் போயின. மூன்று நகல்களும் அப்படியே இருந்தன.

அவள் குழுவில் ஒருவருக்குக் கொக்கு என்று பெயர். நீளக் கழுத்து. யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மேசைக்கு அருகே போய், அவர்கள் நிமிரும்வரை பேசாமல் நிற்பார். அதனால் வந்த பெயர். அக்காவை விட வயதில் சின்னவர், அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருநாள் ஒரு மாற்றத்தை எழுதி அனுப்பினார். மூன்று இடத்திலும் இருக்கும் ஒரே வேலையை எடுத்துவிட்டு, ஒரே ஒரு பொதுச் செயல்கூறாக, அதாவது எங்கிருந்தும் கூப்பிடக்கூடிய ஒரே வரித்தொகுப்பாக, வைப்பது. சாவி எடுப்பது, மறுபடி பார்ப்பது, திருப்பித் தருவது மூன்றும் அதற்குள் இருக்கும். மூன்று பிரிவுகளும் அதைக் கூப்பிட்டால் போதும். மூன்றாவது சிப்பின் முரண்டுக்கென்று தனியாக ஒரு சின்ன வழி வைத்திருந்தார்.

அது கூட்டத்துக்கு வந்த அன்று அக்கா எல்லார் முன்னாலும் சொன்னாளாம். "மூணு வீட்டுக்கும் ஒரே கதவு போதும்ங்கற. எந்த வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா, கொக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவர் மெதுவாகச் சொல்ல, ஓடிக்கொண்டிருப்பதை நோண்டுகிற அளவுக்கு உனக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் சிரிப்பு. அவர் மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

அக்கா இதைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வேடிக்கையாகச் சொன்னாள். அவள் மாடியில் தனியாக இருந்தாள், இரவுச் சாப்பாடு மட்டும் கீழே எங்களோடு. "பாவம், கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டான்" என்று நடித்துக்கூடக் காட்டினாள். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

கொக்கு போய்ச் சில மாதங்களில் ஒரு குறை தெரிய வந்தது. சாவி எடுத்தபின் மறுபடி பார்க்கும் இடத்தில் ஒரு சந்தர்ப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அக்கா நாலைந்து வரிகள் எழுதினாள். மறுபடி பார், மாறியிருந்தால் வெளியே போகும் வழிக்குத் தாவு. முதல் நகலில் ஒட்டினாள், இரண்டாவதில் ஒட்டினாள், மூன்றாவதில் ஒட்டினாள். முதல் இரண்டிலும் வெளியே போகிற எவரும் கடைசி வரியைத் தாண்டித்தான் போக முடியும். சாவி அங்கே திரும்பிவிடும். மூன்றாவதில் அது நடுவில் இருந்தது. தாவுகிறவர் அதைத் தொடாமலேயே வெளியேறிவிடுவார், பாக்கெட்டில் சாவியோடு. ஒட்டிய வரிகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இரண்டு இடத்தில் சரியாக இருந்தது மூன்றாவது இடத்தில் பிழையாகிவிட்டது.

சோதனைப் பிரிவில் ஒரு பெண்மணி இருந்தார். எதையும் நம்பமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சந்தேகம் என்று பட்டப்பெயர். அவரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டவர். மூன்றாவது சிப்பில் யார் ஓட்டிப் பார்த்தது என்று அவர் அப்போதே கேட்டாராம். புதிய கருவிகளுக்கு இடம் வேண்டும் என்று பழைய சிப்பின் சோதனைக் கருவியை ஏற்கெனவே தூக்கிப் போட்டிருந்தார்கள். "அதே வரிதானே" என்றாள் அக்கா. சந்தேகமும் விட்டுவிட்டார்.

அந்தப் பழைய சிப் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் ஒன்று ஓர் ஆஸ்பத்திரி. வார்டின் நடுவில் நர்ஸ் உட்காரும் மேசையில் பெரிய திரை இருக்கும். எல்லாக் கட்டில்களின் எண்களும் அதில் வரும். யாருக்காவது மோசமானால் அது சத்தம் போடும். ஒரு மாலை அந்தத் திரை அப்படியே உறைந்துபோனது. கறுத்துப் போயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அது கடைசியாகப் பார்த்த எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தது. எல்லாக் கட்டிலும் பச்சை, எல்லாம் நலம். மூலையில் கடிகாரம் மட்டும் நின்றிருந்தது. வார்டின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போனது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் பார்த்துக் கத்திய பிறகுதான் ஓடினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை.

பணியில் இருந்த நர்ஸ் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கினார் என்று சொன்னார்கள். இல்லை என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். யாரோ அணைத்துப் போட்டதும் திரை மறுபடி நன்றாகவே ஓடியதால், அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று. வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

வேறோர் இடத்திலிருந்து திரை உறைவதாகப் புகார் வந்திருந்ததால், அதே பழைய சிப் ஓடிய இந்த ஆஸ்பத்திரிக்கும் போய்க் கருவியைப் பார்த்து வந்தது சந்தேகம் என்ற அந்தப் பெண்மணிதான். நர்ஸின் கதையை அங்கே இருந்த மின்பணியாளர் சொல்லக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து, பழைய சிப் இருந்த ஒரு கருவியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, பல நாள் ஓட்டிப் பார்த்து, அதை உறையவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு அக்காவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். மூன்றாவது நகலைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். அக்கா ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் நர்ஸைப் பற்றிச் சொன்னார்.

அன்று அவள் சாப்பிடக் கீழே வரவில்லை. நான் மேலே போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியிருந்தது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு பொம்பளைய தூங்கிட்டான்னு சொல்றாங்கடா" என்றாள். "அவ முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கா. அந்தத் திரையப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. நான்தான் சாவிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

மேலாளரிடம் மறுநாளே போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, எதையும் இதமாகச் சொல்லத் தெரிந்தவர். முதலில் பிழையைத் திருத்துவோம், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் முறைப்படி அறிக்கை போகும் என்றார். அறிக்கையின் வாசகம் அதற்குள் தயாராகிவிட்டது: பழைய வகைக் கருவிகள் சிலவற்றில் அரிதாக ஏற்படக்கூடிய தாமதம். முறைப்படி என்றால் சில மாதங்கள் ஆகும். விசாரணையோ அடுத்த வாரம். அதை அக்கா சொன்னபோது, ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்மிடம் எதுவும் கேட்கவில்லையே, கேட்காத இடத்தில் நாமாகப் போய் நின்றால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று அவளே என்னிடம் சொன்னாள். அதுதான் அவளைப் படுத்தியது. யாரும் அவளைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தால் போதும். வேலையும் இருக்கும், பேரும் இருக்கும். அந்த நர்ஸுக்கு மட்டும் இரண்டும் இருக்காது.

அந்த வாரம் முழுவதும் அவள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. என் மனைவி எதையோ கேட்டால் வேறு எதற்கோ பதில் சொன்னாள். பேச்சுப் போன அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிப் போக வேண்டும் என்று ஒருநாள் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி உள்ளே வந்தாள். "போய் என்னன்னு சொல்றது?" என்றாள். கடைசிவரை அந்த வீட்டுக்கு அவளால் போக முடியவில்லை.

விசாரணையன்று விடுப்பு போட்டாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு நீள வராந்தா. அங்கே சந்தேகம் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப்பையோடு. தானும் விடுப்பு போட்டுவிட்டதாகச் சொன்னார். பைக்குள் அந்தப் பழைய கருவி.

"இத யார் கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"நீங்க சொன்னா நம்புவாங்களா? நானே நம்ப மாட்டேன்."

எதிர் பெஞ்சில் நர்ஸ் இருந்தார். நாற்பது வயது இருக்கும். சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் இருந்தார். பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் கணவர். நாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

உள்ளே நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். மூன்று மருத்துவர்கள், ஒரு மூத்த நர்ஸ். உங்களை யார் அனுப்பியது என்று முதலில் கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை என்றதும் நம்பிக்கை இன்னும் குறைந்தது. எனக்குச் சொன்ன அலமாரிக் கதையை அவர்களுக்கும் சொன்னாள். தலையாட்டினார்கள். பிறகு சந்தேகம் கருவியை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். இரண்டு மூன்று தடவை அது நன்றாகவே ஓடி அவரை ஏமாற்றியது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது உறைந்தது. எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரையின் கடிகாரத்தையும் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார். 

"இதை எழுதினது யாரு?" என்று மூத்த நர்ஸ் கேட்டார்.

"நான்" என்றாள் அக்கா.

நர்ஸின் மேல் இருந்த நடவடிக்கையை நீக்கப்போவதாக அன்றைக்கே அவரை உள்ளே கூப்பிட்டு வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். அவர் வெளியே வந்தபோது முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. கணவர்தான் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றாள். எனக்கு அவளைத் தடுக்க வேண்டும்போல் இருந்தது.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் அவளைப் பார்த்தார். "மெஷின்னா நிக்கத்தான் செய்யும்" என்றார். "நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கணும். நாலு எட்டு வெச்சா அந்தக் கட்டில். எல்லாம் பச்சையா இருக்கேன்னு உக்காந்துட்டேன்."

"திரை சொன்னதைத்தானே நம்பினீங்க. அதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க." அவர் குரல் உயரவில்லை. "உங்க தப்பை நீங்க உள்ள போய்ச் சொல்லிட்டீங்க, கேட்டுக்கிட்டாங்க. என் தப்பை நான் இனிமே யார்கிட்ட சொன்னாலும், உன் தப்பு இல்லம்மான்னுதான் சொல்லுவாங்க. தூங்கினேன்னு சொன்னப்போ சண்டையாவது போட்டுக்கிட்டிருந்தேன்."

கணவர் போகலாம் என்றார். நர்ஸ் அக்காவின் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். அது மன்னிப்பா, வழிவிடச் சொன்னதா என்று அவள் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது சந்தேகத்தைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டோம். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் மேலாளர் மாலை போடுவார், நல்ல புடவையா கட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அக்கா சிரிக்கவில்லை. வண்டி கொஞ்ச தூரம் போனதும், "முழுசா சொல்லலடா" என்றாள்.

எல்லாம் சொல்லிவிட்டாயே என்றேன்.

"தப்பு எங்க இருக்குன்னு சொன்னேன். அது அங்க ஏன் இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

 நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நர்ஸ் சொன்னதை நினைத்துக் கலங்குகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மேலாளர் மாலை போடவில்லை. கத்தவும் இல்லை. நீண்ட நாள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். நிறுவனத்தின் அறிக்கை சீக்கிரமே வெளியே போக வேண்டியதாயிற்று. மூன்றாவது நகலில் ஒரு வரியை நகர்த்திப் பிழையைத் திருத்தினார்கள். அக்காவுக்கு அது போதவில்லை. மூன்று நகல்கள் இருக்கும்வரை அடுத்த பிழை எங்கேயோ காத்திருக்கும் என்றாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றாக ஆக்க வேண்டும், கொக்கு அன்று செய்ததைப்போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல் இருந்ததால் நானும் உதவிக்குப் போயிருந்தேன். அவள் கைபேசியைச் சுவர்மேல் வைத்து, கை இரண்டிலும் துணி இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கொக்கைக் கூப்பிட்டாள். வேண்டுமென்றே என்னை வைத்துக்கொண்டு பேசினாள் என்று இப்போது தோன்றுகிறது. தனியாகப் பேசினால் தப்பித்துவிடுவோம் என்று பயந்திருக்கலாம்.

அவர் எடுத்ததும் நடந்ததைச் சொன்னாள். கேள்விப்பட்டேன் மேடம் என்றார். அன்று அனுப்பியது இன்னும் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னார். நல்லவிதமாகத்தான் சொன்னார். குரலில் குத்தல் இல்லை.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசினது..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் பரவாயில்ல மேடம். ஆபீஸ்ல சிரிக்கறது சகஜம்தானே." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க அதைப் படிக்கவே இல்லையேன்னுதான் இருந்துச்சு. படிச்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. அது ஒண்ணுதான். ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கொடுத்த வழி திறந்தே இருந்தது. ஆமாம்ப்பா, படிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் அதோடு முடிந்திருக்கும்.

"படிச்சேன்" என்றாள்.



"முழுசா படிச்சேன். ரெண்டு தடவை. மூணாவது சிப்புக்கு நீ வெச்சிருந்த வழி சரியா இருந்துச்சு. நான் எழுதினதைவிட நல்லா இருந்துச்சு. அதனாலதான் வேண்டாம்னேன்."

தூரத்தில் ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. எங்கள் தெருவா, அவர் இருந்த இடமா தெரியவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை.

"சரி மேடம்" என்றார் அவர். "வெளிய கெளம்பிக்கிட்டிருக்கேன். வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். அக்கா கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். முதல் தூறல் விழுந்தது. "திட்டியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். நான் கொடியில் மிச்சமிருந்த துணிகளை எடுத்தேன்.

பொதுச் செயல்கூறை அவளே எழுதினாள். எழுதினாள் என்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து வைத்தாள் என்பதுதான் சரி. இரண்டு தடவை மட்டும் படித்த ஒன்று அப்படியே மனசில் இருக்கிறது, அன்றைக்கே புரிந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்றாள். எழுதியவர் என்று கொக்கின் பெயரைப் போட அனுமதி கேட்டு அவருக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். கேட்காமல் ஒருவர் பெயரைப் போடக் கூடாது, பெயரில்லாமல் எதுவும் உள்ளே போகாது, பழைய கருவிகள் வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் தன் பெயரிலேயே போட்டாள். மூன்று நகல்களும் ஒரே நாளில் அழிந்தன. அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

நர்ஸ் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்த வார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஊசி போடும் அறைக்கு மாறிக்கொண்டாராம். சந்தேகம் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அக்கா கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதன்பிறகு அவள் வேலை பார்த்த வருடங்களில், யாருடைய மாற்றம் வந்தாலும் படித்து முடிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று அவளோடு இருந்தவர்கள் சொன்னார்கள். அவள் இறந்த மூன்றாம் வாரம் அலுவலகத்திலிருந்து நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சந்தேகமும் வந்திருந்தார், முடியெல்லாம் வெளுத்துப்போய். அக்காவுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்திருந்தவர், மேடம் எழுதியதிலேயே அந்தப் பொதுச் செயல்கூறுதான் அழகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறோம் என்றார்.

அது அக்கா எழுதியது இல்லை என்று நான் சொன்னேன். கொக்கு என்று ஒருவர் இருந்தார், அவர் எழுதியது, அக்காவே சொல்லியிருக்கிறாள் என்றேன்.

"மேடம் எப்பவும் அப்படித்தான் சார்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தன்னோடதுன்னு எதையும் சொல்லிக்கவே மாட்டாங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் சந்தேகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவர் சொல்றது நிஜம்" என்றார். அதையும் அவர்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்.